பீட்டில் எஞ்சினில் ஒயில் வெப்ப சென்சரை எங்கே பொருத்துவது: மலைநாட்டு ஓட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பழைய பீட்டில் ஒன்றின் டேஷ்போர்டில், எஞ்சினின் நிலைமையைச் சொல்ல ஒரு சின்ன ஒயில் விளக்குதான் இருக்கிறது. ரேடியேட்டர் இல்லாத வண்டி என்பதால் ஹீட் மீற்றரும் கிடையாது. அந்த விளக்கு வெப்பத்தைப் பார்த்து எரிவதும் இல்லை. ஒயில் அழுத்தம் 0.15 முதல் 0.45 பார் வரையான மட்டத்துக்கு விழுந்த பிறகுதான் எரியும். அழுத்தம் அவ்வளவு கீழே போகும்போது பெயரிங்குகளுக்குச் சேதம் தொடங்கியிருக்கலாம். றம்பொடை வளைவுகளில் ஒயில் 130 பாகை செல்சியஸைத் தொட்டாலும், எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை விளக்கு அணைந்தேதான் கிடக்கும்.

அதனால் இந்த ஏற்றங்களில் ஓடும் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு ஒயில் வெப்ப மீற்றர் கட்டாயம் வேண்டும் என்பேன். மீற்றர் வாங்குவது லேசான காரியம். சென்சரை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் யோசித்துச் செய்ய வேண்டியது. ஒரே எஞ்சினை ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் அளந்தால் மூன்று எண்கள் வரும். எந்த இடத்து எண் என்று தெரியாமல் "105 காட்டுகிறது" என்றால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

இங்கே நான் எழுதுவது 1200, 1300, 1500, 1600 அளவுகளில் வந்த வோக்ஸ்வேகன் டைப் 1 எஞ்சினைப் பற்றி. பீட்டிலிலும் பழைய கொம்பி வேனிலும் இருப்பது இதுதான்.

ஒயில் போகும் பாதை

எஞ்சினில் இருப்பது மொத்தம் 2.5 லீற்றர் ஒயில். இது அடியில் உள்ள சம்பில் தேங்கி நிற்கும். சம்பின் நடுவில் ஒரு கம்பி வலை வடி இருக்கிறது. அதற்குள் இறங்கியிருக்கும் குழாய் வழியாகப் பம்ப் ஒயிலை உறிஞ்சுகிறது. பம்ப், பெல்ட் ஓடும் பின்பக்கத்தில் இருக்கிறது. பம்பைத் தாண்டிய ஒயில் கூலருக்குப் போய், அங்கே விசிறி உறைக்குள் வரும் காற்றில் சூடு குறைந்து, பிறகு பிரதான வழிகளில் புகுந்து பெயரிங்குகள், வால்வ் பக்கம் என்று எல்லா இடமும் போய், கடைசியில் சூடேறி மீண்டும் சம்பில் விழுகிறது.

ஒயில் குளிராக, தடிப்பாக இருக்கும்போது இந்தப் பாதை வேறு. அழுத்த வால்வ் திறந்துகொண்டு, கூலருக்குப் போகாமலே ஒயிலை நேராகப் பெயரிங்குக்கு அனுப்பிவிடும். மிச்சம் சம்புக்குத் திரும்பும். ஒயில் சூடாகி மெலிந்தால்தான் வால்வ் மூடி, கூலர் முழுதாக வேலைக்கு வரும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சம்பில் அளந்தால், எஞ்சின் முழுவதும் சுற்றிவிட்டு வந்த ஒயிலின் சூடு, அதாவது கூலருக்கு முந்திய சூடு தெரியும். கூலரைத் தாண்டி அளந்தால் பெயரிங்குக்குப் போகும் ஒயிலின் சூடு தெரியும். இரண்டுமே பயனுள்ள தகவல். ஆனால் எச்சரிக்கை எல்லையாகப் பேசப்படும் எண்கள் பெரும்பாலும் சம்பில் எடுத்தவை. நீங்களும் அங்கே அளந்தால்தான் மற்றவர்களின் அனுபவத்தோடு ஒப்பிட முடியும்.

எந்த இடம் ஏன்

பலர் முதலில் கைவைப்பது, அந்த ஒயில் விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில். டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடப்பக்கம், கைக்கு எட்டும் இடம். ஒரு டி வடிவ இணைப்பைப் போட்டு ஒரு கிளையில் சுவிட்சையும் மறு கிளையில் வெப்ப சென்சரையும் முறுக்கிவிடுவார்கள். இதைச் செய்யாதீர்கள். அந்தத் துளைக்குள் அழுத்தம் வரும், ஓட்டம் வராது. முட்டுச் சந்தில் நிற்கும் தண்ணீர் மாதிரி, அங்கே புகுந்த ஒயில் அங்கேயே கிடக்கும். சென்சர் காட்டுவது அந்த இணைப்பு உலோகத்தின் சூட்டைத்தான். ஏற்றத்தில் உண்மையான ஒயில் கொதித்துக்கொண்டிருக்கும்போது மீற்றர் நிதானமாக, குறைவாகக் காட்டும். அழுத்த சென்சருக்கு அந்த இடம் சரி, வெப்பத்துக்குச் சரி வராது.

அழுத்த வால்வின் அடி மூடியில் துளையிட்டுச் சென்சர் வைப்பவர்களும் உண்டு. வால்வ் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அங்கே ஒயில் ஓடும் அல்லது நிற்கும். நம்பிப் பார்க்கக்கூடிய எண் அங்கே கிடைக்காது.

டிப்ஸ்டிக் வடிவத்தில் வரும் சென்சர் மூன்றாவது வழி. பழைய டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைச் செருகினால் போதும். எதையும் கழற்ற வேண்டாம், துளைக்க வேண்டாம், அடியில் கல் படும் பயமும் இல்லை. தோட்டத்து லயன்களுக்குப் போகும் கல் ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு இது நல்ல தெரிவு. குறை என்னவென்றால், அது சம்பின் ஓரத்தில் பெல்ட் பக்கமாக நிற்கிறது. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஏற்றத்தில் ஒயில் அந்தப் பக்கமே சேரும், முனை நன்றாக மூழ்கும். நீண்ட இறக்கத்தில் ஒயில் முன்னுக்குப் போய்விடும், முனை மேலே தெரிய வரலாம். ஒயில் மட்டம் குறைந்திருந்தால் இன்னும் மோசம். வாங்கும்போது முனையின் நீளத்தைப் பழைய டிப்ஸ்டிக்கோடு வைத்து ஒப்பிடுங்கள். மேல் மூடி இறுக்கமாக உட்காராவிட்டால் அதன் வழியே ஒயில் தெறித்து எஞ்சின் அறை முழுவதும் படியும்.

நான் பரிந்துரைப்பது சம்புத் தட்டு. வடியை மூடியிருக்கும் அந்த வட்டமான இரும்புத் தட்டின் நடுவே வைத்தால், பம்ப் உறிஞ்சப்போகும் ஒயில் எப்போதும் சென்சரின் முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஏற்றம், இறக்கம், வளைவு எதுவானாலும் குழாயின் வாய் மூழ்கியிருக்கும்வரை சென்சரும் மூழ்கியிருக்கும். இந்த வழியின் ஒரே பலவீனம் கல்லடி. அதற்குப் பரிகாரம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வெளியே ஃபில்டர் வைத்து, பம்பிலிருந்து குழாய் போட்டிருக்கும் எஞ்சின் என்றால், பம்புக்கும் ஃபில்டருக்கும் இடையில் ஒரு இணைப்பு போட்டுச் சென்சர் வைப்பது சம்புத் தட்டுக்கு இணையான இடம். ஒயில் முழுவதும் அந்த வழியே ஓடுகிறது, அடியில் எதுவும் தொங்கவும் இல்லை. சென்சருக்காக மட்டும் இந்தக் குழாய் வேலையைத் தொடங்க வேண்டாம்.

எஞ்சின் கேஸில் புதிதாகத் துளை போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மக்னீசியக் கலவை. மென்மையானது, மரை சீக்கிரம் போய்விடும். துளைக்கும்போது வரும் சீவல் தீப்பிடிக்கக்கூடியது. பிந்திய கொம்பிகளில் வந்த 1700 முதல் 2000 வரையான டைப் 4 எஞ்சின் வேறு குடும்பம். அதன் கேஸ் அலுமினியம், அதற்குச் சம்பின் அடியிலுள்ள சிறிய பக்கத் தட்டில் சென்சர் வைப்பது வழக்கம்.

வாங்கும்போது

மீற்றரையும் சென்சரையும் ஒரே தயாரிப்பாளரின் சோடியாக வாங்குங்கள். 120 பாகை வரை காட்டும் மீற்றருக்கான சென்சரும் 150 பாகை மீற்றருக்கான சென்சரும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே மின்தடை வேறு. மாற்றிப் போட்டால் முள் அசையும், ஆனால் சொல்வது பொய்யாக இருக்கும். மலைக்கு 150 பாகை மீற்றரே நல்லது. பழைய வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் பட்டறியில் பார்த்துவிட்டே போங்கள்.

சம்புத் தட்டின் வடிகால் பிளக்கின் மரை 14 மில்லிமீற்றர், 1.5 இடைவெளி. இதே மரையில் சென்சர்கள் கிடைக்கின்றன. பிந்திய சில எஞ்சின்களின் தட்டில் பிளக்கே இல்லை, அப்படி இருந்தால் பழைய வகைத் தட்டைத் தேட வேண்டும் அல்லது தட்டில் மரைக்குமிழ் (சென்சரை முறுக்க உள்ளே மரை வெட்டிய சிறு இரும்புத் துண்டு) ஒட்ட வேண்டும்.

கொதிநீரில் ஒரு சோதனை

வண்டியில் மாட்டுவதற்கு முன் சென்சரைக் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். மலைநாட்டில் இதைச் செய்யும்போது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. தண்ணீர் 100 பாகையில் கொதிப்பது கடல் மட்டத்தில். 6,128 அடியில் இருக்கும் நுவரெலியாவில் கொதிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகைதான். ஹட்டனில் 96 அளவில், கண்டியில் 98 அளவில் நிற்கும். நுவரெலியாவில் மீற்றர் 94 காட்டினால் அது துல்லியமான மீற்றர். இது தெரியாமல் "ஆறு பாகை குறைவாகக் காட்டுகிறது" என்று நினைத்து மனதில் ஆறைக் கூட்டிக்கொண்டால், அதன் பிறகு ஒவ்வொரு ஏற்றத்திலும் தேவையில்லாமல் பயப்பட வேண்டிவரும்.

செய்முறை லேசு. மீற்றரைப் பட்டறியோடு இணையுங்கள். சென்சரின் உடலிலிருந்து ஒரு வயரைப் பட்டறியின் நெகட்டிவ் முனைக்கும், அதன் நுனிமுனையிலிருந்து இன்னொரு வயரை மீற்றரின் சென்சர் முனைக்கும் கொடுங்கள். முனை மட்டும் தண்ணீரில் இருக்கட்டும், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது முள் ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பாகை வித்தியாசம் இந்த வகை மீற்றர்களில் சகஜம். பத்துக்கு மேல் என்றால் சோடி பொருந்தவில்லை என்று அர்த்தம், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

சம்புத் தட்டில் பொருத்துதல்

ஒயில் மாற்றும் நாளிலேயே இதைச் செய்வதுதான் புத்தி. எப்படியும் வடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு ஒயிலை வடியுங்கள். பிறகு தட்டைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகளையும் கழற்றுங்கள். தட்டோடு வடியும் இரண்டு கேஸ்கட்டுகளும் இறங்கும். அடியில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது கூர்மையான உளி பாவிக்க வேண்டாம், கேஸின் மேற்பரப்பு கீறிப்போகும்.

இப்போது இரண்டு வழிகள். முதலாவது, வடிகால் பிளக்கை எடுத்துவிட்டு அதே துளையில் சென்சரை முறுக்குவது. வெல்டிங் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஒயில் வடிக்கும்போதும் வயரைக் கழற்றி, சென்சரையும் கழற்ற வேண்டும். சென்சரின் பித்தளை மரை அடிக்கடி முறுக்கினால் நீண்டகாலம் தாங்காது. இரண்டாவது, பிளக்கை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் ஒரு இரும்பு மரைக்குமிழை ஒட்டுவது. ஒரு லேத் பட்டறையும் வெல்டிங் பாஸும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. நான் இதைத்தான் சொல்வேன். தட்டு இரும்பு என்பதால் வெல்டிங் நன்றாகப் பிடிக்கும். தட்டை எஞ்சினிலிருந்து கழற்றிய பிறகே ஒட்ட வேண்டும். குமிழ் ஆறு நட்டுகளின் வட்டத்துக்கு உள்ளே, வடியின் வாய்க்குக் கீழே வரும்படி இருக்கட்டும்.

அதே கையோடு பாதுகாப்பையும் செய்துவிடலாம். சென்சர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில், வண்டியின் முன்பக்கம் பார்த்தபடி, வளைத்த தடிப்பான இரும்புப் பட்டை ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். கல் வந்து மோதுவது முன்பக்கத்திலிருந்துதான். பட்டை சென்சரைவிட விரல் அகலம் கீழே இறங்கியிருந்தால் போதும். ரொம்பவும் இறக்கினால் அதுவே மேடுகளில் மாட்டும்.

வெல்டிங் சூட்டில் தட்டு கோணும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் தட்டி நேராக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் வெல்டிங் பொடியை ஒன்றுவிடாமல் அரம் போட்டு எடுங்கள். அந்தப் பொடி விழும் இடம் வடிக்கு உட்பக்கம், பம்பின் வாய்க்கு நேரே.

அடுத்து நீளம். சென்சரின் முனை, ஒயில் உறிஞ்சும் குழாயையும் வலையையும் தொடக் கூடாது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கோதுமை மாவை இறுக்கமாகப் பிசைந்து ஒரு சிறு உருண்டையை முனையில் ஒட்டி, வடியோடு தட்டை மாட்டி, இரண்டு நட்டு மட்டும் லேசாகப் போட்டுக் கழற்றிப் பாருங்கள். மாவு எவ்வளவு நசுங்காமல் நிற்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி. ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்தால் குட்டையான சென்சர் வாங்குங்கள், அல்லது குமிழின் உயரத்தைக் கூட்டுங்கள். பார்த்து முடிந்ததும் மாவைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

சென்சருக்குப் புதிய செம்பு வொஷர் போடுங்கள். மரையில் வெள்ளை டேப் சுற்ற வேண்டாம். ஒற்றை முனைச் சென்சர் தன் உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, டேப் அதைக் கெடுக்கலாம். கசிவைத் தடுப்பது வொஷரின் வேலை. கையால் இறுக்கி முடிந்த பிறகு ஸ்பெனரால் கால் சுற்று போதும்.

தட்டைத் திரும்ப மாட்டும்போது வடியின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புதிய கேஸ்கட். ஆறு நட்டுகளுக்கும் புதிய செம்பு வொஷர். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கணக்கு 7 நியூட்டன் மீற்றர் மட்டுமே, சின்ன ஸ்பெனரை இரண்டு விரலால் இழுக்கும் பலம். கசியுமோ என்ற பயத்தில் கூடுதலாக இறுக்குவதால்தான் மக்னீசியக் கேஸிலிருந்து ஸ்டட் உருவி வருகிறது, தட்டும் வளைந்து மேலும் கசிகிறது. வடிகால் பிளக்குக்கு 34 நியூட்டன் மீற்றர்.

2.5 லீற்றர் ஒயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, அடியில் விளக்கடித்துப் பாருங்கள். ஒரு நல்ல ஓட்டம் ஓடி எஞ்சின் ஆறிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

வயரிங்

எஞ்சின் பின்னால், மீற்றர் முன்னால். பதினைந்து அடிக்குக் குறையாத வயர் தேவைப்படும். பலஇழை வயராக எடுங்கள். சென்சர் பக்கத்தில் ஒரு கழற்றும் இணைப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை வடியைக் கழுவும்போது வயரை வெட்ட வேண்டிவரும். சைலன்சர், ஹீட்டர் பெட்டிகள் பக்கம் போகாமல், சூடு தாங்கும் குழலுக்குள் விட்டு மேலே கொண்டுபோங்கள். எஞ்சின் ஆடும் என்பதால் சற்றுத் தளர்வு விட வேண்டும். மீற்றருக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூசிலிருந்து எடுங்கள்.

சாவியைப் போட்டுச் சென்சர் வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அந்த வயரை ஒரு கணம் எஞ்சின் உலோகத்தில் தொட்டால் சூட்டுப் பக்கத்துக்கு ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீற்றரும் வயரும் சரி. ஹெட்லைட் போடும்போது முள் துள்ளினால் சென்சரைக் குறை சொல்லாதீர்கள், கியர்பெட்டியையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும். மழை விடாத ஊர்களில் அது சீக்கிரம் கெட்டுப்போகிறது.

ஏற்றத்தில் மீற்றரைப் படிப்பது

சம்பில் 80 முதல் 100 பாகை வரை எஞ்சினுக்கு நல்ல நிலை. நீண்ட ஏற்றத்தில் 110 வரை போவது இயல்பு. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். 120ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்த இடம் பாருங்கள். கூலரைத் தாண்டிய இடத்தில் அளப்பவர்கள் இந்த எல்லைகளைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கியரில் எஞ்சின் திணறத் திணற ஏறுவதுதான் ஒயிலை அதிகம் சூடாக்கும். விசிறி பெல்ட்டில் ஓடுகிறது, கிராங்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், சுமை மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாம் கியருக்கு இறக்கி, பெடலைப் பாதி மிதித்து ஏறுங்கள். சத்தம் கூடும், முள் இறங்கும்.

நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. ஆனால் அங்கே காற்றே குளிர், எஞ்சின் தரும் சக்தியும் குறைந்துவிடுகிறது. அதனால் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது அடிவாரத்து ஏற்றங்களை: உதாரணமாக, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு. புழுக்கமான கீழ்நாட்டுக் காற்றிலேயே செங்குத்து தொடங்கிவிடுகிறது.

ஒயில் சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும். உச்சியை அடைந்த பிறகும் முள் கொஞ்ச நேரம் ஏறலாம். தேநீர் குடிக்க நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். எஞ்சின் நின்றால் விசிறியும் நின்றுவிடும்.

நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளை போன்ற இடங்களில் எதிர்ப்பக்கப் பிரச்சினையும் வரும். பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் ஒயில் 70ஐக் கூடத் தொடாது. உள்ளே சேரும் நீராவி வெளியேற வழியில்லாமல், ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைச் சளி படியும். அரை மணி நேரம் ஓடியும் முள் ஏறவில்லை என்றால், எஞ்சினின் தெர்மோஸ்டாட்டும் காற்று மடல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வண்டிகளில் யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். 65 முதல் 70 பாகையில் மடல்களைத் திறக்கும் அந்தச் சின்ன உறுப்பு குளிர்பிரதேசத்து எஞ்சினுக்குத் தேவை.

முள் தொடர்ந்து 115க்கு மேல் நின்றால் வெளிக் கூலர் வாங்க ஓட வேண்டாம். முதலில் பெல்ட்டின் இறுக்கம், பிறகு இக்னிஷன் டைமிங், பிறகு எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும் றப்பர் சீல்களும். சீல் இல்லாத எஞ்சின் தான் வெளியே விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சும். அப்புறம் விசிறி உறையைக் கழற்றிக் கூலரைப் பாருங்கள், இலைச் சருகும் ஒயில் படிந்த தூசும் அதன் இடுக்குகளை அடைத்திருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால்தான் வெளிக் கூலர். அதைப் போட்டாலும் சென்சரைச் சம்பிலிருந்து நகர்த்த வேண்டாம், பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது அங்கேயே இருக்கட்டும்.